பெரியக்கா வீட்டு ஆறாவது விருந்தாளி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவள் அவள். நின்றவள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அந்த அறையில் உட்கார இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதன்மேலும் எந்நேரமும் தலையணை உறைகள் உட்கார்ந்திருக்கும். அங்கே வேலை பார்த்த ஒன்பது பெண்களில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. டாக்டர்கள்கூட, "பெரியக்கா, தியேட்டருக்கு இன்னும் பச்சைத் துணி வரலையே" என்றுதான் போன் செய்வார்கள்.

காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். வார்டு வார்டாகத் தள்ளுவண்டியில் வந்து குவியும் விரிப்புகளைப் பிரித்து, மூன்று ராட்சச மெஷின்களில் திணித்து, துவைத்ததை இழுத்துப் போட்டு, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் இரண்டு பேர் இரண்டு முனை பிடித்து விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. கண்ணைக் காட்டினால் வண்டியைத் தள்ளு, மோவாயை அசைத்தால் முனையைப் பிடி. மூன்று மணிக்கு வெளியே வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வலது தோள்பட்டை தனி ஆள்போல முனகும்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓட வெச்ச மனுஷன், நம்மள மட்டும் படியேற வெச்சுட்டாரு" என்று பெரியக்கா ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கியபடி சொல்வாள். அவரும் சளைக்காமல், "லிஃப்ட்டோட உள்பக்கம் எனக்குத் தெரியும். அதான் படியில நம்பிக்கை" என்பார்.

ஒரே மகன். வேலைக்காக வெளிநாடு போய் ஏழு வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணுவான். அங்கே ஒரே அறையில் ஆறு பேர்; கட்டில் மேல் கட்டில். அவன் போன பிறகு அவன் அறை பூட்டியே கிடந்தது. அப்போதுதான் ஓர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆள் தேடி வந்தாள். கையில் எந்நேரமும் ஒரு நீல ஃபைல் இருக்கும் என்பதால் வீட்டுக்காரர் அவளுக்கு ஃபைல் மேடம் என்று பெயர் வைத்தார். பள்ளிப்படிப்பை முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகள், மேலே படிக்கப் போவதற்கு முன்னால் ஒரு வருஷத்தை இடைவெளியாக விட்டு, வேறொரு நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, ஏதாவது வேலைக்கு உதவி, பாஷை கற்றுக்கொண்டு போவார்களாம். அதற்கு வீடுகள் வேண்டும். "உங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே இருக்கு பெரியக்கா?" என்று கேட்டாள். சும்மா இருக்கிற அறையைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு அடைத்துக் கிடந்த நேரம் அது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஆட்டிய தலை நிற்கவே இல்லை. ஐந்து வருஷத்தில் ஐந்து பேர் வந்து போனார்கள். ஒருவன் மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுவதாகச் சொல்லிக் கழற்ற மட்டும் செய்தான். ஒருத்தி முதல் மூன்று மாதம் அழுதே தீர்த்தாள். அவளுக்கு வீட்டுக்காரர் வைத்த பெயர் மழை. எல்லோருக்கும் வெந்நீர் சுவிட்சைக் காட்டிக் கொடுத்தவள் பெரியக்கா. கதவின் அடித் தாழ்ப்பாளை லேசாகத் தூக்கித் தள்ள வேண்டும் என்று செய்து காட்டியவளும் அவள்தான். ஒவ்வொருவரும் கிளம்பும்போது கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் சேதி வரும், பிறகு வராது. அடுத்தவர் வந்து நிற்கும்போது மறுபடியும் முதலிலிருந்து சுவிட்ச், தாழ்ப்பாள்.

ஐந்தாவது ஆளை அனுப்பிவிட்டு வந்த அன்று பெரியக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, "போதுங்க. இனி யாரும் வேணாம்" என்றாள். வீட்டுக்காரரும், "அப்பாடா" என்றார்.

மூன்றாம் வாரம் ஃபைல் மேடம் மாடியேறி வந்தாள். ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன குடும்பம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதாம். பெண் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டாளாம்.

"ரெண்டே வாரம் பெரியக்கா. அதுக்குள்ள வேற வீடு பார்த்துடறேன். என் மேல சத்தியமா."

"போன தடவையும் சத்தியம் பண்ணீங்களே மேடம்."

"அது வேற சத்தியம்."

அந்த இரண்டு வாரம் ஒரு வருஷமாக நீண்டது. அப்படி வந்தவள்தான் ஆறாவது விருந்தாளி.

இருபது வயது. ஆள் நல்ல உயரம். சமையலறைக் கதவில் முதல் நாளே நெற்றியை இடித்துக்கொண்டாள். வாசலில் நின்று, மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: "தாயே, வணக்கம். தங்கள் இல்லத்தில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தமைக்குப் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

வீட்டுக்காரர் தமக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "என்னம்மா இது, மைக் வெச்சுப் பேசற மாதிரி இருக்கு?"

புத்தகத்தைப் பார்த்தே பாஷை படித்தவள். பேசுவதும் புத்தகம்போலவே பேசினாள். "நான் குளியலறையைப் பயன்படுத்த அனுமதி உண்டா?" "இந்தப் பாத்திரங்களைத் தூய்மை செய்ய எனக்கு வாய்ப்பளியுங்கள்." இரண்டு நாளில் வீட்டுக்காரர் அவளுக்குப் புத்தகம் என்று பெயர் வைத்தார். "புத்தகம் எழுந்திருச்சா?" "புத்தகத்துக்கு டீ குடுத்தியா?" அந்தப் பெண்ணுக்கும் பெயர் பிடித்துப்போயிற்று. கூப்பிட்டால் ஓடி வருவாள்.

பகலில் இரண்டு தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளியில் அவளுக்கு வேலை. பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவது, மூக்குத் துடைத்துவிடுவது, தூங்க வைப்பது. இரண்டரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள். பெரியக்கா வருவது மூன்றே முக்காலுக்கு. பூட்டில் சாவி நுழைவதற்குள் கதவு திறக்கும். கதவுக்குப் பின்னால் வாயெல்லாம் சிரிப்பாக அந்த நெடிய உருவம் நிற்கும்.

"தாயே, இன்று தங்கள் நாள் எவ்வாறு இருந்தது?"

என்ன சொல்வது? தொற்று வார்டு விரிப்புகள் முந்நூறு வந்தன, இரண்டாம் நம்பர் மெஷின் நடுவில் நின்றுவிட்டது, ஈரத் துணியைக் கையால் தூக்கித் தூக்கித் தோள் செத்துவிட்டது என்றா? "நல்லா இருந்துச்சும்மா" என்று பெரியக்காவும் சிரிப்பாள். அதோடு விடுவாளா? "எந்த வகையில் நன்றாக இருந்தது?" என்று அடுத்த கேள்வி வரும். சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருவாள். வெங்காயம் நறுக்குகிறேன் என்று ஒரு வெங்காயத்துக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். விளக்கிய பாத்திரத்தை அவள் பார்க்காதபோது மறுபடி விளக்க வேண்டும். குறை சொல்லவும் மனசு வராது; பிள்ளை ஆசையாகத்தானே செய்கிறது?

ஆனால் பெரியக்காவுக்குத் தன் வீட்டிலேயே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு திரிவதுபோல இருந்தது. காலை நீட்டி, முகத்தைத் தொங்கப் போட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் கால் மணி நேரம் கிடக்க ஒரு மூலை இல்லை. வீட்டுக்காரர் பரவாயில்லை, செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

மனசுக்குள் இன்னொன்றும் அரித்தது. தன் பிள்ளை வெளிநாடு போனான், கட்டில் மேல் கட்டில் போட்டுத் தூங்கி வேலை செய்கிறான். இதுகள் வெளிநாடு வருவது ஊர் பார்க்க, பாஷை படிக்க. ஒரு வருஷத்தைச் சும்மா தூக்கி எறிகிற அளவுக்கு வீட்டில் வசதி. பெற்றவள் எப்படிப்பட்ட சீமாட்டியோ! பட்டு மெத்தையில் சாய்ந்துகொண்டு, "போய்ட்டு வா கண்ணு" என்று கையசைத்திருப்பாள். இப்படி நினைத்துக்கொண்டே அவள் அந்தப் பெண்ணின் தலையணை உறையை மாற்றுவாள்.

இரண்டாம் மாதம் ஒருநாள், பஸ்ஸை விட்டு இறங்கியவளுக்கு மூன்று மாடியும் கதவும் சிரிப்பும் கேள்வியும் வரிசையாகக் கண்ணில் ஓடின. கால் நகரவில்லை. வீட்டுக்கு நேர் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தின் இரும்பு பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்தது, போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. இருபது நிமிஷம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நாலு பஸ், சில நாள் ஐந்து. ஓட்டுநர்களில் ஒருவர் பழகிப்போய், ஏறுகிறாயா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

நாலாம் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஃபைல் மேடம் மூச்சிரைக்க வந்தாள். முகம் சரியில்லை. அந்தப் பெண் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"பெரியக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பிள்ளைங்க மாசாமாசம் எங்களுக்கு ஒரு அறிக்கை எழுதணும். அவ எழுதினத வாசிக்கிறேன், கேளுங்க." ஃபைலைத் திறந்தாள். "'அம்மா தினமும் வேலை முடிந்து வந்து, எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அப்போது அவர்கள் முகம் மிகவும் துயரமாக உள்ளது. வீட்டுக்குள் வந்ததும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுக்கு வர விருப்பமில்லை. காரணம் நான் என்று எண்ணுகிறேன். என்னை வேறு வீட்டுக்கு மாற்றினால் அவர்களுக்கு நல்லது.'"

பெரியக்காவுக்குச் சுரீரென்றது. நடுத்தெருவில் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல. இரண்டு மாதமாக ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"பஸ் ஸ்டாப்புலயா?" வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கினார். "ஓவர்டைம்னுல்ல நான் நெனச்சேன்?"

"நீங்க சும்மா இருங்க."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கையில் ரொட்டியும் முட்டையுமாக அந்தப் பெண் நின்றாள். ஃபைலைப் பார்த்தாள், பெரியக்காவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முட்டையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" பெரியக்காவின் குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "வேளாவேளைக்கு ஆக்கிப் போடலையா? ஒரு வார்த்தை கடுசாப் பேசியிருக்கேனா? முகஞ்சுளிச்சிருக்கேனா?"

"இல்லை. ஒருபோதும் முகம் சுளிக்கவில்லை. அதுதான்..." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருந்தது."

கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோயிற்று. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அந்தப் பெண்ணின் எதிரில் காலை நீட்டிக்கொண்டாள்.

"உன்னால இல்லம்மா. எனக்கு அலுப்பா இருக்கு. அவ்வளவுதான்."

"அலுப்பு என்றால்?" பழக்க தோஷத்தில் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துவிட்டாள். "சோர்வா? களைப்பா?"

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "களைப்புன்னா தூங்கி எழுந்தா போயிரும், புத்தகம். அலுப்புன்னா, நீ கண்ணு முழிக்கறப்போ அது உனக்கு முன்னாடி எழுந்திரிச்சு கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கும்."

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. நோட்டை மூடினாள். "அப்போ எனக்கும் அலுப்புதான்" என்றாள். பள்ளிப் பிள்ளைகளிடம் பொறுக்கிய பேச்சும் புத்தகப் பேச்சும் கலந்து கொட்டியது. காலையிலிருந்து நாற்பது பிள்ளைகள். அதுகள் பேசுவதில் பாதி விளங்குவதில்லை. இவள் வாயைத் திறந்தாலே சிரிக்கும். டீச்சர்களும் சிரிப்பார்கள். இவளும் கூடச் சிரிக்க வேண்டும். "சிரிச்சு சிரிச்சுக் கன்னம் வலிக்குது. வீட்டுக்கு வந்து கதவை மூடித் தூங்கணும் போல இருக்கும். ஆனா தினமும் உங்களைக் கேக்கணும். உங்கள் நாள் எவ்வாறு இருந்தது என்று."

"ஏன் கேக்கணும்? யாரு உன்னக் கேக்கச் சொன்னது?"

அவள் ஃபைல் மேடத்தைப் பார்த்தாள். "கையேட்டில் உள்ளது. ஏழாம் பக்கம்."

ஃபைல் மேடம் அவசரமாக ஃபைலைப் புரட்டினாள். "அது... பொதுவாப் போட்டது..."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவர் சிரித்ததில் பெரியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கன்னம் வலிக்காத சிரிப்பு. மூன்று மாதமாக இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்துகிறேன் என்று படாதபாடு பட்டிருக்கிறார்கள். எல்லாம் ஏழாம் பக்கத்தால்.

"அப்போ, வேற வீடு பாக்கட்டுமா?" என்று ஃபைல் மேடம் எழுந்தபடி கேட்டாள்.

"கெடக்கட்டும் விடுங்க" என்றாள் பெரியக்கா. "வேற வீட்டுக்குப் போனா, அங்கயும் ஏழாம் பக்கத்தைக் கேட்டு உசிர வாங்குவா."

திங்கட்கிழமை பெரியக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மேலே ஏறினாள். கதவு திறந்தது. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. வழிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கட்டிலில் குப்புற விழுந்தாள். பெரியக்கா நாற்காலியில் சாய்ந்தாள். ஐந்து மணி வரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "என்னடா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவரே டீ போட்டார்.

அதற்காக எல்லாம் தேனும் பாலுமாக மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளியலறைச் சல்லடையில் அவள் தலைமுடி அடைத்துக்கொண்டுதான் இருந்தது. விளக்கை அணைக்காமல் போவாள், பெரியக்கா கத்துவாள். மழைக்காலத்தில் அவள் ஈரத் துணியை நாற்காலி முதுகில் போட்டு, அது பூசணம் பிடித்து, இரண்டு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குளிர் தொடங்கியபோது பெரியக்காவின் தோள்பட்டை பிடித்துக்கொண்டு பத்து நாள் கையைத் தூக்க முடியாமல் போயிற்று. லீவு கேட்டால் ஆள் இல்லை என்றார்கள். இடது கையாலேயே முனை பிடித்து ஒப்பேற்றினாள். வீட்டில் அந்தப் பெண் நறுக்கினாள், விளக்கினாள். வெங்காயத்துக்கு இப்போது ஐந்து நிமிஷம்தான் ஆனது. பேச்சிலும் புத்தகம் கழன்று மழலையர் பள்ளி ஏறியிருந்தது. "அம்மா, உனக்குக் கை வலிக்குதுல்ல? போ, போய் உக்காரு. சமத்தா இருக்கணும்" என்பாள். பெரியக்காவும் சமத்தாகப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

பதினோராம் மாதம் அந்தப் பெண்ணின் அம்மா பார்க்க வருவதாகச் சேதி வந்தது. நாலு நாள் தங்குவாளாம். பெரியக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. சீமாட்டி வருகிறாளே! வேலை முடிந்து வந்து ஜன்னல் துடைத்தாள், திரைச்சீலை துவைத்தாள், பக்கத்து வீட்டில் விரிசல் விழாத கோப்பைகள் இரவல் வாங்கினாள். "நம்ம நாற்காலியப் பாத்து என்ன நெனைப்பாளோ" என்று புலம்பினாள். "நாற்காலின்னு நெனைப்பா" என்றார் வீட்டுக்காரர்.

வந்தவளிடம் சீமாட்டியின் சாயல்கூட இல்லை. மகளின் தோள்வரைதான் இருந்தாள். பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்திருந்தது. மூன்று மாடிக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே வந்து சேர்ந்ததும் கைகொடுத்தாள். சொரசொரத்த கை. விரல் நுனிகளெல்லாம் வெடித்து, வெடிப்பில் வெள்ளை படிந்திருந்தது. சோப்புத் தூளின் வேலை. பெரியக்கா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்க?"

"ஹோட்டல்ல. ரூம் சுத்தம் பண்றது, படுக்கை விரிக்கிறது. ஒரு நாளைக்குப் பதினாறு ரூம்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே, அம்மா."

உண்மைதான். பதினோரு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணும் பள்ளி முடித்து இரண்டு வருஷம் ஒரு செருப்புக் கடையில் நின்று, அந்தச் சேமிப்பில்தான் வந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டு மெத்தையில் சாய்ந்திருந்த சீமாட்டியை நினைத்துப் பெரியக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. இரவல் கோப்பைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தங்கள் வீட்டுக் கோப்பையிலேயே டீ ஊற்றினாள்.

மகள் பெரிய பட்டியல் வைத்திருந்தாள். முதல் நாள் ஆற்றங்கரை, இரண்டாம் நாள் அருங்காட்சியகம், மலை மேலே ஒரு கோபுரம், அவள் வேலை பார்த்த பள்ளி. அம்மா முதல் நாள் ஆற்றங்கரைக்குப் போனாள். இரண்டாம் நாள் காலை கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுத்தாள். அறைக்குள் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. பாஷை புரியாவிட்டால் என்ன? இவ்வளவு தூரம் வந்தது தூங்கவா என்று மகள் கேட்பதும், ஆமாம் என்று அம்மா சொல்வதும் சமையலறையில் நின்ற பெரியக்காவுக்குத் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

கண்ணீரோடு வெளியே வந்த பெண்ணைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்கம்மா கடைசியா லீவு எடுத்தது எப்போ?"

அவள் யோசித்தாள். "தெரியல."

"அப்போ தூங்க விடு. கோபுரம் எங்கயும் போயிடாது."

"எனக்கு எல்லாத்தையும் காட்டணும்னு ஆசை..."

"காட்டிட்டியே. இந்த வீட்டக் காட்டிட்ட, கட்டிலக் காட்டிட்ட. போதும்."

அவள் சமாதானம் ஆகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகவே கோபுரத்துக்குப் போனாள். அன்று பெரியக்காவுக்கு வார விடுமுறை. பதினோரு மணிக்கு அந்த அம்மா எழுந்து வந்தாள். காயப்போட்ட விரிப்புகளைப் பெரியக்கா கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் கேட்காமலேயே ஒரு முனையைப் பிடித்தாள். பெரியக்கா மோவாயை அசைத்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள், மடித்தார்கள், நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். ஆறு விரிப்பும் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. வீட்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பெரியக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஆளுக்கொரு நாற்காலியில் சாய்ந்தார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் வாய் திறந்து தூங்கிப் போனார்கள். கோபுரத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணை வீட்டுக்காரர் உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் தன் அறைக்குப் போனாள்.

மிச்ச இரண்டு நாளும் அந்த அம்மா தூங்கினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். கிளம்பும்போது முகம் கொஞ்சம் உப்பி, ஐந்து வயது குறைந்தவள்போல இருந்தாள்.

அடுத்த மாதம் பெண்ணும் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் வழக்கம்போலக் கட்டிப் பிடித்து அழுகை. பெரியக்காவும் அழுதாள், ஆனால் அதில் பாதி தோள்பட்டையை அவள் அழுத்திப் பிடித்ததால். வீட்டுக்காரர் பெட்டியை ஏற்றுவதில் நடத்துநரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்ததால் அழ நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஃபைல் மேடம் வந்தாள். பெரியக்கா அவளை உட்கார வைத்து டீ கொடுத்தாள். அவள் ஃபைலைத் திறக்குமுன் சொன்னாள்:

"மேடம், இந்த வருஷம் யாரும் வேணாம்."

"ரெண்டே வாரம் பெரியக்கா..."

"ரெண்டு நாளும் முடியாது. வர்ற பிள்ளைங்கல்லாம் ஒரு வருஷம் எடுத்துக்குதுங்கல்ல? இந்த ஒரு வருஷத்த நான் எடுத்துக்கறேன். எங்கயும் போகல. என் வீட்டுலயேதான் இருக்கப் போறேன்."

ஃபைல் மேடம் பேனாவால் கன்னத்தைச் சொறிந்தாள். இதற்கு ஃபைலில் ஒரு பக்கமும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

வேலையை விட முடியவில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது; ஆறரைக்கு உருளையின் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் விருந்தாளிகளின் அறைக்கு அவளே குடிவந்தாள். வீட்டுக்காரரின் குறட்டையிலிருந்தும் விடுதலை. ஜன்னலோரம் கட்டில், மெத்தைதான் நடுவில் கொஞ்சம் பள்ளம், இத்தனை பேர் படுத்து எழுந்ததில். அந்தப் பெண் அவ்வப்போது சேதி அனுப்பினாள். இப்போது படிக்கச் சேர்ந்துவிட்டாளாம்; சாயங்காலம் மறுபடி செருப்புக் கடையாம். பெரியக்காவுக்குப் பதில் எழுத நாலு நாள் ஆகும். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் போன் செய்தபோது அவள் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா படுத்திருக்கேன்."

அவன் பிறந்ததிலிருந்து அம்மா பகலில் சும்மா படுத்துப் பார்த்ததில்லை. "அம்மா, போனை அப்பாகிட்ட குடுங்க" என்றான்.

"அவரும் தூங்கறாருடா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. நிஜமா ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. நீயும் போய்க் கொஞ்ச நேரம் படு" என்று சொல்லிவிட்டு, போனைத் தலையணைக்கு அருகில் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.